எண்ணோடு முறையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு மசாலாப் பொடிகளின் தரம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயு பொடியில் ‘அளவுக்கு மேல்’ இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நாட்டு அளவு, எந்த முறையில் பார்த்தது என்று ஒரு வரிகூட இல்லை. காரைக்குடியில் பொடி அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். அந்த ஒரு வரி விட்டுப்போனால் வருகிற வம்பு எங்கள் தலையில்தான் விடிகிறது.

ஒரே அரவையில் எடுத்த மிளகாய்ப் பொடியை இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்திருந்தோம். ஒன்று ‘இல்லை’ என்றது, இன்னொன்று வரம்பைத் தாண்டிய எண்ணைத் தந்தது. விசாரித்தால், இருவர் மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. முதல் ஆய்வகம் எத்திலீன் ஆக்சைடை மட்டும் தேடியிருக்கிறது. அது சீக்கிரம் ஆவியாகிவிடும். மிச்சத்தில் ஒரு பகுதி பொடியிலேயே இருக்கும் குளோரைடோடு சேர்ந்து 2-குளோரோஎத்தனாலாக மாறிவிடும். இரண்டாவது ஆய்வகம் அதையும் சேர்த்துக் கூட்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் கூட்டி, மசாலாப் பொருளில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்கிறது. அமெரிக்காவிலோ தனித்தனிக் கணக்கு: எத்திலீன் ஆக்சைடு 7, குளோரோஎத்தனால் 940. ஒரு கிலோ பொடியில் குளோரோஎத்தனால் 10 மில்லிகிராம் இருந்தால் ஐரோப்பாவில் அது எத்திலீன் ஆக்சைடு அளவுக்கு மாற்றிச் சுமார் 5.5 மில்லிகிராம் என்று கணக்காகி, வரம்பைப் போல் 50 மடங்குக்கு மேல் நிற்கும். அமெரிக்காவில் அதே மூட்டை தாராளமாக உள்ளே போகும். உங்கள் தலைப்பு இதில் எந்த மூட்டையைப் பற்றியது?

வரம்பு எவ்வளவு என்பது அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியது. அளக்கும் முறையாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? இந்தத் தகராறு புதிதும் இல்லை. 1884-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் ஆய்வு முறைகளைச் சரிபார்க்கும் ஏஓஏசி அமைப்பைத் தொடங்கியதே, ஒரே உரத்துக்கு ஆளுக்கொரு எண் வந்ததால்தான். ஒரு முறையைச் சரிபார்க்க இன்று வழக்கம் இதுதான்: சீராகக் கலந்த ஒரே பொடியை, என்னவென்று தெரியாதபடி குறியீடு மட்டும் போட்டு, பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். குறைந்தது 8 ஆய்வகங்களின் முடிவாவது கணக்கில் நிற்க வேண்டும். எல்லோரும் ஒரே செய்முறைத் தாளைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரே பொருளையே இரண்டு குறியீட்டில் அனுப்பிவைப்பதும் உண்டு. கை சுத்தமா என்பது அதில் தெரிந்துவிடும். பங்கேற்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் கூலி வாங்காமல்தான் செய்கின்றன.

அப்படிச் செய்தும் எண்கள் அச்சாக ஒத்துப்போகாது. அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் ஹோர்விட்ஸ் 1980-இல் காட்டிய கணக்குப்படி, அளக்கும் பொருளின் அளவு குறையக் குறைய ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் கூடும். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் 16 சதவீதம், 10 மைக்ரோகிராம் என்றால் 32 சதவீதம். மசாலாப் பொருளில் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சினுக்கு, எல்லா வகையும் சேர்த்து, ஐரோப்பிய வரம்பே அந்த 10 மைக்ரோகிராம்தான். ஒருவர் 9 என்பார், இன்னொருவர் 12 என்பார். இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது. சாக்கில் பூஞ்சை பிடித்த ஒரு முண்டு வற்றல் மாதிரியில் அகப்பட்டதா, தப்பியதா என்பது வேறு கதை.

என் பெரிய ஆதங்கம் கல்பாசி பற்றியது. மிளகிலும் மிளகாயிலும் சோதித்துச் சரிபார்த்த முறையைக் கல்பாசிக்கு அப்படியே போட்டுவிட முடியாது. மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளரும் லைக்கன் இனம் அது. காற்றில் வரும் ஈயத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். தெரிந்த அளவு ஈயத்தைக் கலந்து கொடுத்து, ஆய்வில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று கல்பாசியிலேயே பார்த்தால்தான் அந்த முறையை நம்பலாம். மராட்டி மொக்குக்கும் இதே கதிதான். அன்னாசிப்பூ விஷயத்தில் உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது: 2001-இல் நெதர்லாந்தில் அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய நச்சுக் காய் மூலிகைத் தேநீரில் கலந்து, குடித்தவர்களுக்கு வலிப்பு வந்தது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கல்பாசியையும் மராட்டி மொக்கையும் சட்டியில் போடுகிறவர்கள் நாம். நமக்காக ஐரோப்பாக்காரர் வந்து சோதித்துத் தருவார் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் மசாலாப் பொருள் குழுவை 2013 முதல் நடத்துவது இந்தியாதான். அதன் செயலகம் கொச்சி நறுமணப் பொருள் வாரியத்தில் இருக்கிறது. ஆய்வு முறைகளுக்கான குழுவை ஹங்கேரி நடத்துகிறது. நம் பொருளைச் சோதனைப் பட்டியலில் சேர்க்கச் சொல்ல இதைவிடத் தோதான இடம் ஏது? நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. ஈயத்தை நுணுக்கமாக அளக்க மின்வேதியியல் முறைகளும் உண்டு. அவர்களும் அழகப்பா பல்கலைக்கழகமும் பங்கேற்கும் ஆய்வகங்களாகப் பெயர் கொடுக்கலாம். கல்பாசியை மாவுப் பதத்துக்கு அரைத்துச் சலித்து, பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறாமல் கலந்து தருவதற்கு எங்களைப் போன்ற அரவைக்காரர்கள் இருக்கிறோம், காசு கேட்க மாட்டோம்.

உங்களிடம் கேட்பது சின்னது. அடுத்த முறை ஆய்வறிக்கையை வைத்துச் செய்தி போடும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் முறையின் பெயரையும், கூடக்குறைய எவ்வளவு இருக்கலாம் என்று அறிக்கையில் கொடுத்திருக்கும் அளவையும், எந்த நாட்டு வரம்பு என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மசாலாப் பொடி தயாரிப்பாளர் ஒருவர்,
காரைக்குடி.