சேதுவுக்கு, பூசான் போய் வந்த கதை

அன்புள்ள சேது,

முழங்கால் ஆபரேஷனை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று உன் பையன் சொன்னான். சீக்கிரம் செய்துகொள். நான் இங்கே மூன்றாவது வாரமாக தென்கொரியாவில், உல்சானில் மகன் வீட்டில் உட்கார்ந்து பேத்தியின் பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டிருக்கிறேன். குளிர் பரவாயில்லை. கமலாவுக்கு மட்டும் சாப்பாடு பெரிய பாடு, கீரை என்று நம்பி வாயில் வைத்தால் அதிலும் மீன் சாறு ஊற்றியிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை மகன் எங்கள் இருவரையும் பூசானுக்கு ரயிலேற்றி விட்டான். அங்கே ஒரு அம்மா, ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பழைய நகரத்தைக் கால்நடையாகச் சுற்றிக்காட்டுகிறார்; நடுநடுவே சாப்பிடவும் வைக்கிறார். சுற்றுலா என்றாலே கொடி பிடித்த ஆளின் பின்னால் ஓடுவதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். திரும்பும்போது, சேதுவைக் கூட்டி வந்திருக்கலாமே என்று கமலாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். காரணம் மாவு, புரோட்டாக் கடைக்காரன் உனக்குத்தான் அது புரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் மிச்சம் புரியும். 1950 ஜூனில் வடகொரியப் படை கீழே இறங்கியது. ஆகஸ்ட் மாதம் பார்த்தால் தெற்கில் மிஞ்சியது நக்தோங் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பூசானைச் சுற்றியிருந்த ஒரு மூலைதான். சண்டை நடந்த மூன்று வருஷத்தில் 1,023 நாள் பூசான்தான் தென்கொரியாவுக்குத் தற்காலிகத் தலைநகர். நாடு முழுக்க இருந்து, அப்புறம் வடக்கிலிருந்தும், மூட்டையும் பிள்ளையுமாக ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் குறைவான ஊர் கொஞ்ச வருஷத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. மலையும் கடலும் நெருக்கும் ஊர், சமதரை கிடையாது, ஆகவே மலைமேல் ஏறி ஏறிக் குடிசை போட்டார்கள். இன்றைக்கும் பூசானில் பாதி தெரு படிக்கட்டுதான், உன் முழங்காலை வைத்துக்கொண்டு நீ வந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பாயோ.

அப்படி ஒரு படிக்கட்டில்தான் நடை ஆரம்பம். நாற்பது படி, பெயரே அதுதான். அகதிகள் உதவிச் சாமான்களை வாங்கி விற்றதும், காணாமல் போனவர்களைத் தேடி வந்து உட்கார்ந்ததும் அங்கே. இப்போது படியில் அக்கார்டியன் வாசிக்கும் மனிதர், கீழே தண்ணீர் சுமப்பவர், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அக்கார்டியன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கமலாவும் எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து யோங்தோ பாலம். 1934இல் கட்டியது, கப்பல் போக ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், நம் பாம்பன் பாலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள். 1966இல் தூக்குவதை நிறுத்திவிட்டு, 2013இல் புதுப்பித்து மறுபடியும் தூக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் போன நேரம் பார்த்து மணி இரண்டு, சைரன் ஊதியது, வண்டிகள் நின்றன, தார்ச்சாலை வெள்ளைக் கோடுகளோடு அப்படியே கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுந்து நின்றது. இதில் விஷயம் என்னவென்றால், வடக்கிலிருந்து ஓடி வந்தவர்களுக்குப் பூசானில் ஒரு இடமும் தெரியாது, இந்தத் தூக்குப் பாலம் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். "பிரிந்து போனால் யோங்தோ பாலத்தில் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். லட்சம் பேர் ஒரே இடத்தைச் சொன்னால் யாரை யார் கண்டுபிடிப்பது? பாலத்துக்கு அடியில் வரிசையாக ஜோசியக் கடைகள் முளைத்துவிட்டன. உயிரோடு இருக்கிறாரா, வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்று காசு கொடுத்துக் கேட்டார்களாம்.

வழிகாட்டி அம்மாவின் பாட்டி வடக்கே ஹம்ஹங் ஊர்ப் பக்கத்துக்காரர். பாலத்தில் எத்தனை நாள் நின்றார், யாராவது வந்தார்களா என்று ஒரு ஆஸ்திரேலியப் பையன் கேட்டான். "நின்றார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா சாலையைக் கடக்க ஆரம்பித்துவிட்டார்.

பாலத்தைத் தாண்டாமல் இந்தப் பக்கமே திரும்பினால் ஜகல்ச்சி மீன் சந்தை. ஜகல் என்றால் கூழாங்கல். பாதிக்கு மேல் பெண்கள்தான் வியாபாரம், ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட கால்சட்டை, கையில் கத்தி, தொண்டை நம் காசிமேட்டுத் தொண்டை. அஜிமே என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்கிறார்கள், நம் அக்கா, அத்தை மாதிரி. அங்கே கொம்ஜாங்ஓ என்று ஒரு ஜீவன். பார்த்தால் விலாங்கு மாதிரி இருக்கும், விலாங்கு இல்லை. தாடை கிடையாது, கண்ணும் பெயருக்குத்தான், தொட்டால் வாளித் தண்ணீர் முழுக்கக் கோழையாகிவிடும். ஒரு அஜிமே பலகையில் ஆணி அடித்து அதில் தலையைக் குத்தி நிறுத்தி, கழுத்தருகே ஒரு கீறல் போட்டு, காலுறை உருவுகிற மாதிரி ஒரே இழுப்பில் தோலை உரித்தார். உரித்த பிறகும் அது நெளிகிறது. இளஞ்சிவப்பாக, தட்டில், நெளிந்துகொண்டே. கமலா திரும்பி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை ஏன் தின்ன ஆரம்பித்தார்கள் என்பதுதான் கதை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் இதன் தோலை மட்டும் உரித்துத் தோல் சாமான் செய்ய எடுத்துக்கொண்டு சதையை எறிந்துவிடுவார்களாம். எறிந்ததை ஏழைகள் எடுத்துச் சுட்டார்கள், போர்க்காலத்தில் அதுவே தெருக்கடை வியாபாரமாகிவிட்டது. இப்போது அது மலிவான சாப்பாடே இல்லை! மிளகாய் விழுது, வெங்காயத்தாள் போட்டு இரும்புத் தட்டில் வதக்கித் தருகிறார்கள். கடித்தால் நறுக் நறுக்கென்று குடல் கறி மாதிரி இருந்தது. இரண்டு துண்டு தைரியத்தில் போயிற்று, மூன்றாவது துண்டிலிருந்து ருசிக்காகத் தின்றேன்.

ஒரு விஷயம், சிரிக்காதே. சந்தையில் பின்னாலிருந்து ஒரு குழந்தை "அப்பா!" என்று கத்தியது, நான் திரும்பிவிட்டேன். கொரியனிலும் அப்பா அப்பாதான். தமிழும் கொரியனும் சொந்தம் என்று நீ அனுப்புகிற வாட்ஸ்அப் செய்திகளில் வரும் சொற்கள் பொய் இல்லை, நாள் என்பதற்கு நல், நான் என்பதற்கு நா. 1905இலேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணமே எழுதியிருக்கிறார். ஆனால் மொழி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த உறவை ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா, அம்மா எல்லாம் எந்த ஊர்க் குழந்தையும் உதட்டில் முதலில் உருட்டுகிற சத்தம். ஆகவே இனி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பாதே.

நிஜமான சம்பந்தம் வேறு இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் வழிகாட்டி அம்மா துறைமுகத்தைக் காட்டினார். 1950 நவம்பரில் நம் 60ஆவது பாராசூட் மருத்துவப் படைப்பிரிவு வந்திறங்கியது அங்கேதான். சண்டை போட ஆள் அனுப்பவில்லை நேரு, டாக்டர்களை அனுப்பினார். அதற்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' ஆற்காடு! வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது மருந்து, கருவிகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல், ஒரு பழைய ரயில் எஞ்சினைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி வாளியில் தண்ணீர் ஊற்றி பாய்லரை நிரப்பி ஓட்டி வந்தார்களாம். ரங்கராஜ் மகாவீர் சக்கரம் வாங்கியவர். நமக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

நாம்போ தெருவில் கமலாவுக்கு விமோசனம் கிடைத்தது. ஹோத்தொக் என்று ஒரு பணியாரம், உன் தோசைக்கல் அளவு கல்லில் எண்ணெயில் மிதக்க விட்டு, சிவந்ததும் எடுத்து, கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்து, உள்ளே சூரியகாந்தி விதை, பூசணி விதை, சர்க்கரை எல்லாம் ஒரு கரண்டி திணித்துக் காகிதக் கோப்பையில் வைத்துத் தருகிறார்கள். போளிக்கும் கடலை மிட்டாய்க்கும் கல்யாணம் செய்து வைத்த மாதிரி. இரண்டு தின்றாள். மூன்றாவதைப் பேத்திக்கு என்று வாங்கினாள், அது உல்சான் வந்து சேரவில்லை.

அடுத்து காங்தோங் சந்தை. காங்தோங் என்றால் தகர டப்பா. அமெரிக்கப் பட்டாளத்துக்கு வந்த டப்பா உணவு பின்வாசல் வழியாக இங்கே வந்து விற்றிருக்கிறது, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே ஓமுக் சாப்பிட்டேன், மீனை அரைத்து மாவு சேர்த்துப் பொரித்து, குச்சியில் மடித்துக் குத்தி, முள்ளங்கிச் சாற்றில் ஊற வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் விட்டுப்போன பழக்கம். பொடிமீனும் மாவும் போதும் என்பதால் அகதி நகரத்துக்கு அதுவே கறியாகிவிட்டது. சூடான சாறு மட்டும் இலவசம், காகிதக் கோப்பையில் நாமே மொண்டு குடிக்க வேண்டியதுதான். குளிரில் நின்று அதைக் குடித்தபோது, ராத்திரி பதினொரு மணிக்கு உன் கடையில் வெறும் சால்னா கேட்டுக் குடிக்க வருகிற லோடுமேன்கள் ஞாபகம் வந்தார்கள்.

மலைமேல் கடைசியாகப் பார்த்தது அமி என்ற பகுதி. சின்ன பஸ்ஸில் ஏறினோம், நடந்தால் செத்திருப்பேன். ஜப்பானியர் காலத்தில் அது அவர்களுடைய இடுகாடு. 1945இல் அவர்கள் போய்விட்டார்கள், கல்லறைகள் நின்றன. அகதிகள் வந்தார்கள். இடம் இல்லை, கல்லும் இல்லை. கல்லறையே இடமாகவும் கல்லாகவும் ஆகிவிட்டது. ஒரு வீட்டு வாசற்படியை அந்த அம்மா குனிந்து தொட்டுக் காட்டினார், தேய்ந்துபோன ஜப்பானிய எழுத்து. இன்னொரு சுவரின் அடிக்கல்லும் நடுகல் மாதிரி நிமிர்ந்த ஒரு கல்லறைக் கல்தான், அதன்மேல் காஸ் சிலிண்டர், பக்கத்தில் தொட்டியில் வெங்காயத்தாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். முதலில் பயந்தார்களாம், பசி அதைவிடப் பெரிதாக இருந்ததாம். அப்புறம் தங்கள் முன்னோருக்குப் படைக்கும்போது, கீழே படுத்திருப்பவருக்கும் ஒரு கிண்ணம் சோறு தனியாக வைக்கிற வழக்கம் வந்ததாம்.

சரி, மாவு. நடை முடிந்த மறுநாள் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஊவாம் என்ற இடத்துக்குப் போனோம். ஜப்பானுக்குக் கப்பலேற்றுகிற மாடுகளை நிறுத்தி வைத்துச் சோதித்த கொட்டகைகள் அங்கே இருந்தன, அகதிகளை அந்த மாட்டுக் கொட்டகைகளில் தங்க வைத்தார்கள். வடக்கத்தியர்களுக்குக் குளிர்ந்த சாற்றில் நூடுல்ஸ் இல்லாமல் முடியாது. ஊரில் அதை பக்வீட் என்ற தானிய மாவிலோ உருளைக்கிழங்கு மாவிலோ செய்வார்கள். பூசானில் இரண்டும் கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்க உதவியில் வந்த கோதுமை மாவு மூட்டைகள். அதில் பிசைந்தார்கள். மில்ம்யோன் என்று பெயர், மில் என்றால் கோதுமை. எலும்புச் சாற்றை மருந்து வேர்கள் போட்டுக் காய்ச்சி, பாதி பனிக்கட்டியாக உறைய வைத்து, மேலே மிளகாய் விழுது, வெள்ளரி, பாதி முட்டை. நூடுல்ஸ் அப்படி இழுக்கிறது, மேஜையிலேயே கத்தரிக்கோலால் நாலாக வெட்டிக் கொடுக்கிறார்கள். டிசம்பர் மாதம் ஐஸ் சாற்றில் சாப்பிட்டால் பல் கூசும் என்று மகன் எச்சரித்தான், கூசத்தான் செய்தது, ஆனாலும் கிண்ணத்தைக் கையில் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அப்போது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ஆரம்பப் பள்ளியில் நாம் தட்டை ஏந்தி நின்ற கோதுமை உப்புமா. அமெரிக்கக் கொடி படத்தோடு, கை குலுக்குகிற படத்தோடு அந்த மூட்டைகள், காலியானதும் உங்கள் அப்பா அதில் பை தைத்துக் கரி வாங்கப் போவாரே. வீட்டில் கோதுமை என்றால் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது என்றுதான் உன் பாட்டி சொல்வார்கள். அதே மூட்டை இங்கே நூடுல்ஸாகியிருக்கிறது. அந்த வருஷங்களில் உன் அப்பா கடையில் புரோட்டாவுக்கு மாவு எங்கிருந்து வந்தது? நிஜமாகவே கேட்கிறேன், நாம் ஒரு நாளும் பேசியதில்லை. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதா கேள், தொண்ணூறு வயதிலும் அவர்களுக்குக் கணக்கு மறக்காது.

இன்னொன்றும் கேட்டுச் சொல். மில்ம்யோன் கடை சமையலறையை எட்டிப் பார்த்தேன், மாவில் கிழங்கு ஸ்டார்ச் கலந்து, கொதிக்கிற அண்டாவுக்கு நேர் மேலே அச்சு வைத்து நாழி முறுக்கு மாதிரி பிழிந்து விடுகிறார்கள். ஊற வைப்பதே இல்லை. நீ புரோட்டா மாவை நாலு மணி நேரம் எண்ணெயில் ஊற வைத்தால்தான் இழுக்கும் என்பாய், இவர்களுக்கு எப்படி இப்படி இழுக்கிறது? காய்ந்த மில்ம்யோன் பாக்கெட் இரண்டு வாங்கியிருக்கிறேன், ஜனவரி 10ஆம் தேதி ஊர் வருகிறேன். நான் வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், உன் மாஸ்டரிடம் கொடுத்துக் கொத்துப் போட்டுவிடாதே.

அன்புடன்,
முருகு

பி.கு.: கமலா கேட்கச் சொன்னாள், விருதுநகரில் பூசணி விதை கிலோ என்ன விலை?