அங்கே ராத்திரி மூன்று மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எவ்வளவு எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். தாளில் எழுதித் தபாலில் போட்டால் கட்டைவிரல் காட்ட முடியாதல்லவா, அதுதான்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கோலகங்சார் அத்தை வந்துவிட்டுப் போனாள். வழக்கம்போல எல்லாரைப் பற்றியும் விசாரித்தாள், வழக்கம்போல நாங்களும் பாதிதான் சொன்னோம். பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் மிச்சமிருந்த ரப்பர் நிரையையும் வெட்டிவிட்டார்கள். இனி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். சுங்கை சிப்புட் செய்தி அவ்வளவுதான்.

பாப்பா, காதில் அந்த இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்காதே. மில்லில் கொதிகலன் பக்கத்திலேயே காலம் தள்ளியவன் நான், காதின் அருமை எனக்குத் தெரியும். இப்போதே வலது பக்கம் யாராவது பேசினால் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குத்தான் வயதாகிவிட்டது, உனக்கு என்ன வயது?

நீ போட்டுக் கொடுத்த ஸ்பாட்டிபையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பசியாறி, தினசரியைப் புரட்டி முடித்துவிட்டு 11 மணிவாக்கில் நான் கைப்பேசியைத் திறப்பேன். இருவருக்கும் ஒரே கணக்கு என்பதால் திரையின் அடியில் பச்சை எழுத்தில் உன் கைப்பேசியின் பெயர் தெரியும். அதில் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே மலேசியாவில் 11 என்றால் லண்டனில் ராத்திரி 3. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொள்ளலாம். சரி, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீ கேட்பதை எல்லாம் நானும் கேட்டேன். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். முன்பெல்லாம் நாம் அப்படித்தானே பேசிக்கொள்வோம், ஒரு பாட்டை வைத்துக்கொண்டு சோறு ஆறும் வரைக்கும்.

தி க்யூர் என்ற அந்த இங்கிலாந்துக் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. 2024 நவம்பரில் வந்தது. 16 வருடத்துக்கு அப்புறம் ஒரு புது ஆல்பம் போட்டிருக்கிறார்கள், அதிலும் மொத்தம் 8 பாட்டுதான். முதல் பாட்டைப் போட்டதும் ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்து வயரை ஆட்டிப் பார்த்தேன். இசை மட்டும் போகிறது, போகிறது, மூன்று நிமிடம் தாண்டியும் ஆள் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்துக்குள் நம் சினிமாவில் பல்லவி முடிந்து இரண்டு சரணமும் முடிந்து கதாநாயகன் மலையை விட்டே இறங்கியிருப்பான். இவர்களோ அவசரமே படவில்லை. டிரம்ஸ் ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைப்பது தெரிகிறது. அப்புறம் குரல் வருகிறது. ராபர்ட் ஸ்மித்துக்கு அந்த ஆல்பம் வரும்போது 65 வயது. நீ ஐந்தாம் பாரத்தில் படிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு போடுவாயே, அந்தப் பழைய பாட்டில் இருந்த அதே குரல்! எனக்கு நம்ப முடியவில்லை.

அம்மா, அப்பா, அண்ணன் என்று வரிசையாக இழந்தவர் அவர். அண்ணனுக்காகவே ஒரு பாட்டு அதில் இருக்கிறது. கடைசிப் பாட்டு 10 நிமிடத்துக்கு மேல் போகிறது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யார் வீட்டு எழவுங்க இது?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஆனால் நல்ல ஆல்பம், மறுக்க மாட்டேன். பகலில் கேட்க வேண்டிய ஆல்பம். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது கேட்க வேண்டியது. ராத்திரியில் தனியாகக் கேட்க அது ஏற்றது இல்லை என்பது என் அபிப்பிராயம். நீ அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறாய்.

பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' நீ சொன்ன அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. 27 தடம், முக்கால் மணிக்கு மேல் யாரால் உட்கார முடியும்? ஆனால் லிண்டா மார்ட்டெல் என்ற அந்தப் பெரியம்மாளின் பேச்சு வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ அனுப்பிய கட்டுரையைப் படித்த பிறகுதான் அவர் யார் என்று தெரிந்தது. 1970-ல் 'கலர் மீ கண்ட்ரி' என்று ஒரே ஒரு ஆல்பம் போட்டவர். கறுப்பினப் பெண் கண்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பாடுவதா என்று அவரைப் படாத பாடு படுத்தியிருக்கிறார்கள். இங்கே தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி மாமா வீட்டு ரேடியோகிராமில் ஞாயிறு சாயங்காலம் கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடுவார். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்போம். அந்தப் பாட்டு துரைமார்களுடையது, துரை இல்லாதபோது கிராணிமார்களுடையது, பால்மரம் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை என்றுதான் எங்கள் எண்ணம். அமெரிக்காவிலும் ஒரு வேலி இருந்திருக்கிறது, அந்த அம்மாளும் வெளியே நின்றிருக்கிறார். 2025 கிராமி விருதில் பியான்சேயின் ஆல்பத்துக்குச் சிறந்த கண்ட்ரி ஆல்பம், வருடத்தின் சிறந்த ஆல்பம் இரண்டும் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். நீளம் நீளம்தான்.

ராப் பாடகர் அறிவுவின் 'வள்ளியம்மா பேராண்டி'யை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பாட்டி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பாட்டியின் பேரனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு ஒரு ஆல்பத்துக்கே பெயர் வைத்திருக்கிறான் பார்! சத்தம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், சொல்கிற வேகத்தில் பாதி வார்த்தை நழுவிவிடுகிறது, ஆனால் அந்தப் பறை விழும் இடங்களில் கால் சும்மா இருப்பதில்லை. தேயிலைக்கும் ரப்பருக்கும் இலைதான் வேறு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற நேரம் ஒன்றுதான். இருட்டோடு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உன் பாட்டி நிரைக்குள் போனால், ஆள் தெரியாது, பாட்டுதான் தெரியும். எந்த மரத்தில் நிற்கிறாள் என்று பாட்டை வைத்துத்தான் உன் தாத்தா கண்டுபிடிப்பார். அதில் ஒன்றுகூட எந்த நாடாவிலும் இல்லை. இந்த ஆல்பத்தைக் காபிக் கடைப் பையன்களிடம் போட்டுக் காட்டினேன். அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

அப்புறம் அந்த ஆண்ட்ரே 3000. ராப் பாடியே பேர் வாங்கிய ஆள், 2023-ல் 'நியூ ப்ளூ சன்' என்று ஒரு ஆல்பம் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றரை மணி நேரம் புல்லாங்குழல் ஊதியிருக்கிறார். ராப் ஆல்பம் போடத்தான் ஆசைப்பட்டேன், காற்று என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்கிற மாதிரி முதல் பாட்டுக்குத் தலைப்பும் வைத்திருக்கிறார். நம் ஊர்க் காதுக்கு அது பெரிய வாசிப்பு இல்லை, நேராகவே சொல்கிறேன். கோயில் திருவிழாவில் வாசிக்கும் பையன்கூட இன்னும் சுத்தமாகப் பிடிப்பான். ஆனாலும் நான் முழுவதும் கேட்டேன். வாயாலேயே பிழைத்தவன் திடீரென்று பேச்சை நிறுத்தினால் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தானே தோன்றும்? நீ சின்னப் பிள்ளையில் வாய் மூடாமல் பேசுவாய். மழையில் மோட்டோவில் வயலின் வகுப்புக்குக் கூட்டிப் போகும்போது கோட்டுக்குள்ளிருந்துகூடப் பேசிக்கொண்டே வருவாய்.

ஸ்பெயின் பாடகி ரோசாலியாவின் 'லக்ஸ்' இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். 13 மொழியில் பாடியிருக்கிறாள், பின்னால் லண்டன் சிம்பொனி இசைக்குழு. பெரிய தைரியம். மிச்சத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

சக்தி குழுவின் 'திஸ் மொமண்ட்' நமக்குப் பழைய விஷயம், நீதான் 2023-ல் வந்த அன்றைக்கே அனுப்பினாய். ஆனால் 2024 டிசம்பரில் அதன் தபலாக்காரர் ஜாகிர் உசேன் காலமான பிறகு அதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. முதல் சக்தியில் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்தார். இந்த ஆல்பத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசிக்கிறார். அப்பாவோடும் மகனோடும் ஒரே மாதிரி சிரித்து வாசித்த கை ஜாகிருடையது. ஒரு இடத்தில் தபலாவும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பார், விட்டதும் எடுத்ததும் தெரியாது. மாப்பிள்ளைக்கு அந்த இடம் பிடிக்கும், மேசையில் விரலால் தட்டிக் காட்டினார், கல்யாணம் முடிந்து நீங்கள் இங்கே வந்திருந்தபோது.

நீங்கள் சேர்ந்து போட்டு வைத்திருந்தீர்களே, 'ஞாயிறு சமையல்' என்று ஒரு பாட்டு வரிசை. அதை நானும் அம்மாவும்கூட ஞாயிற்றுக்கிழமை போடுவோம். எந்தப் பாட்டை எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்று அதில் காட்டுகிறது. மார்ச்சுக்கு அப்புறம் ஒன்றும் சேரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

மார்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. 8-ஆம் தேதி, அப்பல்லோ அரங்கத்தில் ராஜா சாரின் 'வேலியன்ட்'. ராயல் பில்ஹார்மோனிக் உட்கார்ந்து வாசிக்க, 81 வயதில் பண்ணைப்புரத்து மனிதர் தன் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார். அதற்கு நீ இரண்டு டிக்கெட் வாங்கி படம் எடுத்து அனுப்பினாய். அந்தப் படத்தைக் காபிக் கடையில் நான் காட்டாத ஆள் இல்லை. 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டுக்காக ஈப்போவுக்கு பஸ் ஏறியவன் மகள், அந்த அரங்கத்துக்குள்ளேயே போய் உட்காரப் போகிறாள் என்றால் சும்மாவா? மறுநாள் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு, "மக என்னண்ணே சொல்லுச்சு?" என்று கேட்டார்கள். நீ ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நாலு பகுதியும் பிரமாதமாம், கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம் என்று நானே சொல்லிவிட்டேன். எழுந்து நிற்காமலா இருந்திருப்பார்கள்? இப்போதும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிக்கொண்டு போகிறது. நீ வந்து உண்மையைச் சொல்லும்போது நான்தான் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

நீ போனாயா என்றுகூட எனக்குத் தெரியாது, பாப்பா. டிக்கெட் வாங்கியது மட்டும்தான் தெரியும்.

போன வாரம் ஒன்று நடந்தது. உன் பெயர் தெரிந்தது, அதே க்யூர், அதே முதல் பாட்டு. என்ன நினைத்தேனோ, நிறுத்தும் பொத்தானைத் தொட்டேன். அங்கே நின்றுவிட்டது. இங்கிருந்து தொட்டால் அங்கே நிற்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, தூங்கட்டும் என்றும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது, அதே பாட்டு, விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து. நான்தான் நிறுத்தினேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீயும் ஒன்றும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்த மூன்று நிமிடமும் குரல் வரும் வரைக்கும் நான் இங்கே உட்கார்ந்து நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி நேரத்தோடு படு. படுக்கும்போது காதில் ஒன்றும் வேண்டாம். எத்தனை தரம்தான் சொல்வது.

நீ யார், எப்படிப்பட்ட பெண் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வயதில் வயலின் தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தபோதுகூட மேடையை விட்டு இறங்காமல் மூன்று தந்தியில் முடித்தவள். அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் எல்லாவற்றையும் மூன்று தந்தியில் வாசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு தந்தி வாங்க அப்பாவிடம் காசு இருக்கிறது. சின்ன தாத்தா மாதிரி யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதே. அது எங்கே போய் முடிந்தது என்று உனக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு அம்மா ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கப் போகிறாள். முழங்காலோடு எப்படி நடப்பாய் என்று கேட்டால் பதில் இல்லை, வேண்டுதல் என்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீ வருவதானால் கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் வந்துவிடு, அது இங்கேயே நிற்கிறது. ஸ்டேஷனுக்கு எந்த நேரமானாலும் வருவேன். உன் அறையில் இருந்த கேசட்டுகளை எல்லாம் துடைத்து அடுக்கியிருக்கிறேன், இடம் இருக்கிறது. வருவது யாராக இருந்தாலும், எத்தனை பேராக இருந்தாலும்.

இன்னொன்று. ஸ்பாட்டிபை கணக்கை மட்டும் பிரித்துவிடாதே. எனக்குத் தனியாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று நீ முன்பே சொன்னாய், எனக்கு அது தேவையில்லை. மாதாமாதம் கட்டுவது பாரமாக இருந்தால் சொல், இங்கிருந்து நான் கட்டிவிடுகிறேன், பெரிய சமாச்சாரம் இல்லை. இனி பொத்தானைத் தொட மாட்டேன். நீ போட்டது ஓடட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா கறித்தூள் அரைக்கக் கொடுக்கப் போகிறாள். போன முறை அனுப்பியது ஒரு கிலோ. இந்த முறை எவ்வளவு வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா