ஆந்தைப் பள்ளியும் அரவைக் கூலியும்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கும் முன்னால் ஒன்று சொன்னாய், "பெரியவன் பரீட்சை எழுதப் போற ஸ்கூல் ஒரு காலத்துல இலவசமா இருந்துச்சாம்ப்பா, இப்ப ஃபீஸைப் பாரு" என்று. அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள், பேச்சு பருப்புப்பொடிக்குப் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்றே முடித்துவிடுவாய்.

போன வருஷம் அங்கே வந்திருந்தபோது நீ டூட்டிக்குப் போன ஒரு நாள், மாப்பிள்ளை என்னை விக்டோரியா ஸ்டேஷன் பக்கம் கூட்டிப்போனார். கதீட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு, பெயர் லாங் மில்கேட். மில் என்றதும் நின்றுவிட்டேன், முப்பத்தெட்டு வருஷம் மாவு மில் ஓட்டியவன் நிற்காமல் என்ன செய்வான். உங்கள் மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் முதலில் இங்கேதான் இருந்தது, பக்கத்தில் ஓடிய இர்க் ஆற்றில்தான் பள்ளிக்குச் சொந்தமான மில் இருந்தது என்றார் மாப்பிள்ளை. ஆறு எங்கே என்றேன். ஸ்டேஷனைக் காட்டி, அதற்கு அடியில் என்றார். ஆற்றை மூடி மேலே ரயில் விட்டிருக்கிறார்கள்! பள்ளிக்கூடத்துக்கு எதற்கு மில் என்ற கேள்வி மட்டும் எனக்கு ஊர் வந்து சேர்ந்த பிறகும் ஓயவில்லை, தேடித் தேடிப் படித்தேன்.

1515-இல் ஹியூ ஓல்டம் என்கிற பிஷப் ஆரம்பித்த பள்ளி அது. தெற்கே எக்ஸிடரில் பிஷப், ஆனால் பிறந்தது உங்கள் பக்கத்து லங்காஷயரில். போன இடத்தில் பெரிய ஆளானதும் சொந்தச் சீமைப் பிள்ளைகள் நினைவு வந்திருக்கிறது. புத்தியுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றவர்களிடம் காசுதான் இல்லை என்று பத்திரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 1525-இல் போட்ட விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து வாத்தியார்கள் பையன்களிடம் சேவல்சண்டைக் காசு என்று ஒன்று வாங்குவார்களாம். இந்தப் பள்ளியில் வாத்தியார் அதையும் வாங்கக்கூடாது, பையன்கள் சேவல்சண்டை விடவும் கூடாது. உன் பெரிய மாமா அங்கே படித்திருந்தால் முதல் நாளே பெயரை அடித்திருப்பார்கள்.

சரி, ஃபீஸ் இல்லை என்றால் வாத்தியாருக்குச் சம்பளம்? அதற்குத்தான் மில். ஊர் பிரபுவிடமிருந்த தண்ணீர் மில்களைப் பெற்று, அந்த வருமானத்தைப் பள்ளிக்கு ஒதுக்கினார் ஓல்டம். மில்லோடு கூடவே ஒரு உரிமையும் வந்தது, மான்செஸ்டர் ஊர்க்காரர்கள் தங்கள் தானியத்தை அந்த மில்லில்தான் அரைக்க வேண்டும். வேறு மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் யாராவது கையால் அரைத்தாலோ, புதிதாக மில் போட்டாலோ பள்ளிக்காரர்கள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பள்ளி தொடங்கிச் சில வருஷத்திலேயே வழக்கு ஆரம்பித்துவிட்டது, தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும்தான். நீ ஏழாவது படிக்கும்போது நம் மில்லுக்கு எதிரிலேயே ஒருவர் புது மிஷின் போட்டார், ஞாபகம் இருக்கிறதா? கிலோவுக்கு இருபத்தைந்து காசு குறைத்துவிட்டார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடிக்கைக்காரப் பெண்கள் டின்னைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு இப்படி ஒரு சட்டம் கையில் இருந்திருந்தால் நானும் பிரயோகித்திருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி. கோதுமை கொண்டுவருகிறவள் வீட்டில் பள்ளிக்குப் போகிற பையனே இருந்திருக்க மாட்டான். பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமே கிடையாது. ஆனாலும் அரவைக் கூலி அவள்தான் கொடுத்தாள், அதில்தான் யார் வீட்டுப் பையனோ லத்தீன் படித்தான்.

1758-இல்தான் பார்லிமெண்ட் சட்டம் போட்டு ஊர்க்காரர்களை விட்டது. அதுவும் முழுசாக இல்லை. பீர் காய்ச்சுவதற்கு முளைகட்டி உலர்த்திய பார்லி இருக்கிறதே, மால்ட், அதைமட்டும் பள்ளி மில்லில்தான் அரைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆக ஒரு பிஷப் ஆரம்பித்த பள்ளி அதற்குப் பிறகும் ரொம்ப நாள் பீர்க் காசில் ஓடியிருக்கிறது. அதற்கு முன்னால் மில்லைக் குத்தகைக்கு எடுத்திருந்த இருவரை ஊர்க்காரக் கவிஞர் ஒருவர் எலும்பு, தோல் என்று பெயர் வைத்துக் கேலிப்பாட்டே கட்டினார். எலும்பும் தோலும் என்று நாம் சொல்வதேதான், அங்கேயும் அதே சொல்.

படிப்பும் எல்லோருக்கும் தித்தித்தது என்று நினைக்காதே. தாமஸ் டி குவின்ஸி என்று பிற்பாடு பெரிய எழுத்தாளரானவர், 1802-இல் பதினாறு வயதில் அங்கிருந்து ஓடிப்போனார். தங்கியிருந்தது ஹை மாஸ்டர் வீட்டு மாடியில் (அங்கே தலைமையாசிரியருக்கு அதுதான் பட்டம்). விடியற்காலையில் வேலைக்காரர் ஒருவர் பெட்டியைத் தோளில் வைத்து இறக்கியிருக்கிறார், கடைசிப் படிகளில் கால் வழுக்கிப் பெட்டி உருண்டு, ஹை மாஸ்டர் படுத்திருந்த அறைக் கதவிலேயே போய் மோதியது. ஓடுகிற பையனும் தூக்கியவரும் பயத்தில் உறையாமல் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர் எழுந்திருக்கவே இல்லை! இதைப் பெரியவனிடம் பரீட்சை முடிந்த பிறகு சொல், முன்னால் வேண்டாம்.

அப்புறம் அந்த ஆந்தை. பள்ளிச் சின்னம் ஆந்தை என்றதும் உன் அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், "வேற பறவையே கிடைக்கலையா அவங்களுக்கு?" என்றாள். ஓல்டம் என்ற பெயரை அந்தப் பக்கத்து வாயில் சொன்னால் கிட்டத்தட்ட 'அவுல்டம்' என்று வருமாம். அவுல் என்றால் ஆந்தை, அதன் அலகில் 'டம்' என்று எழுதிய ஒரு சுருள். பிஷப் தன் பெயரை வைத்தே விளையாடியிருக்கிறார். அம்மாவுக்கு இதை விளக்கினேன், சமாதானமாகவில்லை. காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லி அங்கேதான் படித்தார், சின்ன வயதில் அவர் பெயர் கிருஷ்ணா பான்ஜி என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

1931-இல் பள்ளி இப்போது நீங்கள் பார்த்துவிட்டு வந்த ஃபேலோஃபீல்டு பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகும் ரொம்ப காலம் அரசாங்கம் நேரடியாக மானியம் கொடுத்தது, நிறையப் பையன்களுக்கு உள்ளூர் நிர்வாகம் ஃபீஸ் கட்டியது. 1976-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்த ஆரம்பித்தார்கள், பள்ளி முழுக்கத் தனியார் வழிக்குப் போனது. போதாக்குறைக்கு 2025 ஜனவரியிலிருந்து ஃபீஸ் மேல் 20 சதவீதம் வாட் வேறு. நீ புலம்புவது நியாயம்தான். ஆனால் இலவசம் என்று சொன்ன காலத்திலும் யாரோ ஒருத்தி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றிருக்கிறாள் கண்ணு, அதைத்தான் போனில் சொல்ல வந்தேன். வசதியில்லாத பையன்களுக்கு உதவிப்பணம் இப்போதும் தருகிறார்களாம், வெட்கப்படாமல் விண்ணப்பம் போடு.

கிடைக்காவிட்டால், மில் இடத்தை விற்ற பணம் பாங்கில் சும்மாதான் கிடக்கிறது. அந்த ஊர் ஃபீஸுக்கு அது எத்தனை டெர்ம் தாங்கும் என்று தெரியாது, ஆனால் அந்தப் பள்ளிக்கு மாவு மில் காசு ஒன்றும் புதிதில்லை. மாப்பிள்ளை கூச்சப்படுவார், நீயே பக்குவமாகச் சொல். பையன் பாஸானாலும் ஆகாவிட்டாலும் பணம் உனக்குத்தான்.

பருப்புப்பொடி பார்சல் செவ்வாய்க்கிழமை போட்டாயிற்று. ராகி மாவும் ரெண்டு கிலோ வைத்திருக்கிறேன், எதிர் மில்லில் அரைத்தது. நன்றாகவே அரைக்கிறான்.

அப்பா