எட்டு வாரமும் விடுபடாமல் வர: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் மெலிந்துபோனவர்களைக் கண்டறிந்து, வீட்டில் இருந்தபடியே தேற்றும் பணியை இன்னும் ஓராண்டு நடத்த உங்களிடம் உதவி கேட்கிறோம்.

இடது மேல்கையின் நடுப்பகுதியில் நாடாவைச் சுற்றி அளக்கிறோம். 115 மி.மீ.க்குக் கீழே போனால் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. 115 முதல் 125க்குள் இருந்தால் மிதமானது. நாடாவை இறுக்கினால் நல்ல குழந்தையும் தீவிரத்தைக் காட்டும் சிவப்பில் விழும்; தளரவிட்டால் மெலிந்த குழந்தை தப்பிவிடும். ஆகவே அளப்பவர்களின் பயிற்சிக்கும் செலவு உண்டு. இரு பாதங்களையும் கட்டைவிரலால் 3 நொடி அழுத்தியும் பார்க்கிறோம். இரண்டிலும் குழி நின்றால் அது நீர் கோத்த வீக்கம்; கை அளவு என்னவாக இருந்தாலும் தீவிரம்தான். வீக்கத்தைப் பார்த்து ‘கொழுகொழு’ என்று ஏமாந்துபோவது இதில்தான்.

ஊட்ட விழுதை (மெலிந்த குழந்தையைத் தேற்றத் தரும், சமைக்காமல் அப்படியே தின்னும் பொட்டல உணவு) தின்ன மறுக்கும் குழந்தையையும், ஓயாத வாந்தியோ கடும் சோர்வோ உள்ள குழந்தையையும் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அதற்கு வண்டிச் செலவு.

மற்றவர்களுக்கு வீட்டிலேயே விழுது. ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கிலோ கலோரி. 6 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு இரண்டு வீதம் 8 வாரத்துக்கு 112 பொட்டலம். எடை ஏற ஏறப் பொட்டலமும் கூடும். பெட்டிக்கு 150 இருக்கும். எனவே குழந்தைக்கு ஒரு பெட்டி என்று கணக்கிடுகிறோம்.

ஆனால் பொட்டலம் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாது. வீட்டில் பசியோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் எந்தத் தாயும் அதைப் பங்குபோடத்தான் செய்வாள். அவளைக் கடிந்து பயனில்லை. குடும்பத்துக்கும் சேர்த்து உணவுப்பொருள் தந்தால்தான் விழுது உரிய வாய்க்குப் போகும். வாரந்தோறும் குழந்தையைத் தூக்கி வருவதால் அவளுக்கு ஒரு நாள் கூலியும் போகிறது. மூன்றாம் நான்காம் வாரம் குழந்தை சிரித்து விளையாடத் தொடங்கியதும் அவள் வருவதை நிறுத்திவிடுவது இதனால்தான். கை அளவு 125ஐ எட்டி, வீக்கமும் இல்லாமல், தொடர்ந்து 2 வாரம் நிலைத்தால்தான் சிகிச்சை முடிந்ததாகும். இடையில் விட்டால் குழந்தை மறுபடி மெலியக்கூடும். பயணப்படியையும் கூலி ஈட்டையும் வீண்செலவு என்று நினைக்காதீர்கள். விழுதில் நீர்ச்சத்து மிகக் குறைவு, தின்னும் குழந்தைக்குத் தாகம் எடுக்கும். மூடியிட்ட தண்ணீர்க் குடமும் சோப்பும் எங்கள் பட்டியலில் இருப்பது அதற்காக.

பால்மாவு டப்பாவும் பால் புட்டியும் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். புட்டியைக் கொதிக்கவைத்துக் கழுவ வசதியில்லாத வீட்டில் அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், தாய்ப்பாலும் குறையும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு விழுதும் கிடையாது. அங்கே தாய்க்குத்தான் உணவும், பாலூட்டத் துணையும் வேண்டும்.

ஒரே தடவையாகப் பெருந்தொகை தருவதைவிட, சிறு தொகையானாலும் மாதாமாதம் வருவது எங்களுக்கு உதவும். பாதியில் கையிருப்பு தீர்ந்தால் சிகிச்சையும் பாதியில் நிற்கும். ஒரு குழந்தையின் 8 வாரச் செலவை நாலைந்து பேர் சேர்ந்தும் ஏற்கலாம். தாய்மார் திருப்பித் தரும் வெற்றுப் பொட்டலங்களை வாராவாரம் எண்ணிப் பதிகிறோம். அந்தக் கணக்கும் வரவுசெலவும் மாத இறுதியில் உங்களுக்கு வரும். குழந்தைகளின் படம் மட்டும் வராது, கேட்க வேண்டாம்.

நன்கொடையைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்