உங்கள் பரணில் ஒரு பழைய காவிரி இருக்கலாம்

காவிரி டெல்டாவின் பழைய கணக்குப்பிள்ளை குடும்பத்தாருக்கும், ஓய்வுபெற்ற சர்வேயர்கள், பாசனப் பொறியாளர்கள், மதகு காத்த லஸ்கர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வருகிற ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காவிரி டெல்டாவின் பழைய வரைபடங்களைக் காட்சிக்கு வைக்கப்போகிறோம். நான்கு ஆசிரியர்கள், சில விவசாயிகள், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்று ஒரு சிறு கூட்டம்தான் நாங்கள். ஆறு எங்கே ஓடியது, எங்கே ஒதுங்கியது, எந்த வாய்க்கால் தூர்ந்து தெருவாகிப் போனது என்பதை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

தொலைதூரத்து வரைபடங்கள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. டேனிஷ்காரர்கள் 1733-ல் வரைந்த தரங்கம்பாடிப் படத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது. கடல் பாதி கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலின் புகைப்படத்தை அதன் பக்கத்தில் மாட்டப்போகிறோம். 1950-களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு அச்சிட்ட தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரை கிலோமீட்டர். கொள்ளிடம் தெரிகிறது, அரசலாறு தெரிகிறது. எங்கள் ஊர் வாய்க்காலைக் காணோம்.

முக்கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1830-கள் வரை, ஆறு இரண்டாகப் பிரியும் அந்த இடத்தில் கொள்ளிடம் பள்ளமாக ஓடியதால் தண்ணீரை அதுவே இழுத்துக்கொண்டிருந்தது. காவிரிப் பக்கம் மணல் மேடிட்டது, தஞ்சைச் சீமை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணை வேலையைத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர் திரும்பக் காவிரிக்கு வந்தது. அப்புறம் 1934-ல் மேட்டூர் அணை வந்தது. கல்லணையிலிருந்து புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் வந்தது. 2018 ஆகஸ்டில் அதே முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து 9 மதகுகள் உடைந்து போனதை நாமே பார்த்தோம். ஆற்றின் தலைப்பில் கை வைக்கும்போதெல்லாம் கடைமடையில் ஏதோ ஒரு வாய்க்கால் அகலமாகியிருக்கும், ஏதோ ஒன்று செத்திருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால், மைலுக்கு 16 அங்குலம் என்ற கணக்கில் வரைந்த பழைய கிராமப் படங்கள் வேண்டும்.

போன தை மாதம் அப்படி ஒன்றைப் பார்த்தேன். 1980-ல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி ஒழிந்ததிலிருந்து பரணிலேயே கிடந்த ட்ரங்குப் பெட்டி. அடியில் துணி ஒட்டிய ஒரு படம், எட்டாக மடித்து வைத்திருந்தது. மடிப்பெல்லாம் விட்டுப்போய், ராமபாணப் பூச்சி அரித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆற்றின் கரையைக் கறுப்பு மசியில் வரைந்திருந்தார்கள். அதற்கு உள்ளே தள்ளி, பின்னாளில் யாரோ பென்சிலால் இன்னொரு கரை இழுத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விரலை வைத்து, "தம்பி, இது இப்ப எங்க தென்னந்தோப்பு" என்றார். அவர் தாத்தா காலத்தில் அங்கே பரிசல் போனதாம். அந்தப் பென்சில் கோடு எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது.

கொள்ளிடத்துக் கரையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் என்று ஊர்கள் இருக்கின்றன. ஆற்றில் வெள்ளம் வந்தால் முதலில் தவிப்பது அந்த ஜனங்கள்தான். படுகை, திட்டு, மணல் என்று ஊர்ப் பெயரிலேயே ஆறு இருக்கிறது. அந்தத் திட்டுகள் எப்போது மேடாகின, எப்போது குடியேறினார்கள் என்பதை வரிசையாக நாலு படம் வைத்தால் காட்டிவிடலாம். எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

உங்களில் சிலர் தயங்குகிறீர்கள் என்று தெரியும். படத்தை வெளியே காட்டினால் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு என்று வம்பு வருமோ என்ற பயம் நியாயமானதுதான். எங்களுக்கு வேண்டியது ஆறும் வாய்க்காலும் குளமும் மட்டும். சர்வே எண்களை மறைத்துத்தான் நகல் எடுப்போம். யார் வீட்டிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லச் சொன்னால் மட்டும் எழுதுவோம். மூலப்படத்தை நீங்கள் கொடுக்கவே வேண்டாம், உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படம் பிடித்துக்கொள்கிறோம்.

நீங்களே போனில் எடுப்பதானால் தரையில் வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் படத்தைப் பரப்பிக்கொள்ளுங்கள். காலை வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். நான்கு மூலையும் தெரிய வேண்டும், ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பசை ஊறிய தாளை அப்புறம் மீட்க முடியாது.

படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இருபது முப்பது வருஷம் மதகு திறந்து மூடிய லஸ்கர் ஐயாக்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் போதும். நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரைந்துகொள்வார்கள்.

பத்தடி அகலத்தில் டெல்டாவைப் பெரிதாக அச்சடித்து, சின்னப் பிள்ளைகளுக்கும் எட்டுகிற உயரத்தில் சுவரில் மாட்டியாயிற்று. அணைக்கரைக்குக் கிழக்கே, கொள்ளிடம் கடலில் சேரும் வரைக்கும் உள்ள இடத்தை வெறுமனே விட்டு வைத்திருக்கிறோம்.