ஏழாம் வகுப்பிலேயே சொல்லுங்கள்: வடசென்னைத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயா, அம்மா.

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் விடியற்காலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுகிற பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் போலீஸ் தேர்வுக்கு, சிலர் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு. ஏன்பா, ஆபீசராகப் போகலாமே என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் ஜெனரல் எஸ். பத்மநாபன் இதே சென்னையில்தான் காலமானார். 1959ல் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, 90களில் காஷ்மீர் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்ரீநகரில் 15வது கோர் என்கிற பெரிய படைப்பிரிவின் தளபதியாக இருந்து, 2000 முதல் 2002 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக உட்கார்ந்தவர். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் படைகளை நகர்த்தி மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்களே, ஆபரேஷன் பராக்ரம், அது அவர் காலத்தில்தான். அந்த முடிவைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை, அது வேறு கதை.

எனக்குக் கண்ணில் பட்டது அவர் வாழ்க்கையின் ஆரம்பம். டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி, அப்புறம் முப்படைகளுக்கும் வருங்கால அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிற கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமி. முதலாவது, பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் சேர்கிற இடம். அதற்கான நுழைவுத் தேர்வை இங்கே டிஎன்பிஎஸ்சியே வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது. வயது பதினொன்றரை முதல் பதின்மூன்றுக்குள். 2022லிருந்து பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. இது நம் தெருவில் எத்தனை வீட்டுக்குத் தெரியும் சொல்லுங்கள்? பையனுக்குப் பதினெட்டு வயதாகி ஓட ஆரம்பிக்கும்போது அந்தக் கதவு சாத்தி வருஷக்கணக்காகியிருக்கும்.

இடங்கள் மிகக் குறைவு, கணக்கும் பொது அறிவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும், தமிழ்வழிப் பிள்ளைக்கு இது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். சரி, அது தவறினாலும் பிளஸ் டூவில் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு இருக்கிறது. ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம்.

அறிவிப்பு வந்தவுடன் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், பிரேயரில் வாசியுங்கள், விண்ணப்பம் நிரப்ப ஒரு ஆசிரியரை ஒதுக்குங்கள். ஏழாம் வகுப்புப் பெற்றோரைக் கூப்பிட்டும் சொல்லுங்கள். கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், காலையில் மீன் ஏலத்துக்குப் போகிற அம்மாக்களால் வர முடியாது.