கோவா இலை எதனோல்: இடறுவது பற்றீரியா அல்ல, தண்ணீர்

ஆசிரியருக்கு,

நுவரெலியாவில் வீணாகும் கோவா, லீக்ஸ் இலைகளை மரபணு மாற்றிய ஈ-கோலி பற்றீரியா கொண்டு எரிபொருள் எதனோலாக்கலாம் என்ற சென்ற வாரக் கட்டுரை, பற்றீரியாவைப் பற்றிச் சொன்னது சரி. தண்ணீரைத்தான் கணக்கில் எடுக்கவில்லை.

கோவாவில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர், சீனிச்சத்து ஏறத்தாழ 3. ஒரு தொன் இலையில் 30 கிலோ சீனி. ஒரு கிலோ சீனியிலிருந்து 510 கிராமுக்கு மேல் எதனோல் வராது. நடைமுறையில் பத்திலொன்று குறையும். மிஞ்சிப்போனால் 17 லீற்றர். எரித்தால் சுமார் 360 மெகாஜூல். அந்த ஒரு தொன் கூழை 20 பாகையிலிருந்து கொதிக்க வைக்கவே 310 மெகாஜூல் போய்விடும். வெப்பப் பரிமாற்றியால் பாதியை மீட்டாலும் வடிப்பதற்கான நீராவி தனி. 4 வீதத்துக்குக் குறைந்த எதனோலை வடிப்பது பொதுவாகக் கட்டுபடியாகாது. இதில் எடையளவில் ஒன்றரை வீதம்கூடத் தேறாது.

அடுத்தது தொற்று. வழக்கமாக எதனோல் ஆக்கும் மதுவம் (ஈஸ்ட்) பி.எச். 4.5 அளவுப் புளிப்பிலும் வேலை செய்யும். அதனால் பல கிருமிகள் அண்டாது. ஈ-கோலிக்கு 6.5 வேண்டும். லக்டிக் பற்றீரியாக்களுக்கும் அதுவே வசதி; புகுந்தால் சீனி அமிலமாகிவிடும். ஆகவே கூழை 121 பாகையில் அவித்தே ஆகவேண்டும். கடல்மட்டத்தில் அதற்கு அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் காட்டினால் போதும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 18 வேண்டும். 15இல் நிறுத்தினால் 118 பாகையைத் தாண்டாது, பற்றீரியா வித்திகள் பிழைக்கலாம். இரவுக் குளிரில் கலனைச் சூடாக்கும் செலவும் உண்டு.

புளோரிடா பல்கலைக்கழகத்தில் இங்ரம் குழுவினர் எதனோல் ஆக்கும் சைமோமோனாஸ் பற்றீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ-கோலியில் சேர்த்தது 1987இல். 1991இல் அதற்குக் கிடைத்தது அமெரிக்காவின் 50 இலட்சமாவது காப்புரிமை! மரபணுக்கள் பிளாஸ்மிட்டில் (நிறமூர்த்தத்துக்கு வெளியேயுள்ள டி.என்.ஏ. வளையத்தில்) இருந்தால் தலைமுறைக்குத் தலைமுறை கழன்றுபோகும் என்பதால், பின்னர் அவற்றை நிறமூர்த்தத்திலேயே பதித்தார்கள். சாதாரண மதுவம் தொடாத சைலோசு சீனியையும் இது நொதிக்க வைக்கும். அதன் பயன் மரக்கழிவில்தான்; கோவாவில் இல்லை.

வடிகலனில் கொதித்து வரும் கழிவில் பற்றீரியா செத்துவிடும். கசிவும் கலன் கழுவிய நீரும் அப்படியல்ல. நானுஓயா ஆற்றில் விடுமுன் அவற்றையும் சூடாக்க வேண்டும்.

கோவாவுக்குச் சாணத்தோடு சேர்த்த உயிர்வாயுத் தொட்டியே பொருத்தம்: அவிக்கவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம். தேயிலைக் கவாத்தில் வெட்டிய மிலாறில் சைலோசு இருக்கிறது. ஆனால் அது தோட்டத் தொழிலாளரின் லயத்து அடுப்புக்குப் போகிற விறகு. அதை ஆலைக்குக் கேட்பவர்கள் அந்த வீடுகளுக்கு எரிவாயு கொடுக்கும் செலவையும் கணக்கில் சேர்க்கட்டும்.

வாசகர்,
நானுஓயா